அந்தப் பையனுக்கு என்ன வயசு?

 பின்னால் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் முன்னால் வந்து தரையில் உட்காரலாம். பேசப்போவது உங்கள் வயதுக்காரர்களைப் பற்றி. கேட்க வேண்டியவர்கள் உங்கள் அப்பா அம்மாக்களும், என்னைப் போன்ற வாத்தியார்களும்.

நான் 32 வருடம் தமிழாசிரியையாக இருந்தவள். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாட்டை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. உங்களில் பலருக்கும் தெரிந்த பாட்டுதான். முன்னொரு நாள் போரில் தகப்பனை இழக்கிறாள் ஒருத்தி. அண்ணனை என்று உரை சொல்வோரும் உண்டு. நேற்று நடந்த போரில் கணவனும் போய்விட்டான். இன்று மறுபடி பறை கேட்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவன் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்தைப் பார்த்து அனுப்புகிறாள். துறை மூதின் முல்லை. கரும்பலகையில் அதை எழுதிப்போட்டு, மறக்குடிப் பெண்ணின் வீரம் என்று விளக்கம் சொல்லி, தேர்வுக்கு வரும் என்று கோடு போடச் சொல்வேன். சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்க்கும்.

ஒரு வருடம், ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அந்தப் பையனுக்கு என்ன வயசு?"

பாட்டு வயதைச் சொல்லவில்லை. "இளைஞன்தான்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டினேன். அவள் விடவில்லை. "அம்மா எண்ணெய் தேச்சு சீவி விடுற வயசுன்னா சின்னப் பையன்தானே டீச்சர்? அன்னைக்குச் சாயங்காலம் அந்த அம்மா என்ன பண்ணியிருப்பாங்க?"

மணி அடித்துவிட்டது, நான் தப்பித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பறை ஒரு பக்கம் மட்டும் ஒலித்திருக்காதே. ஆற்றுக்கு அந்தக் கரையில், எதிரி ஊரிலும் ஒரு வீட்டில் ஒருத்தி தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? அவளைப் பாட ஒரு மாசாத்தியார் நமக்கு வாய்க்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு வரும் சாயங்காலத்தையும் யாரும் பாடித் தரவில்லை. அதைத் தேடிப்போனபோது நான் வந்து சேர்ந்த இடம் ஐரோப்பா, 1914. எதிரெதிர் நாடுகளில் இரண்டு வீடுகள். இரண்டிலும் ஒரு பையன். இரண்டு பேரும் பதினெட்டு வயதில் செத்தார்கள். இரண்டு பேரையும் அவரவர் வீட்டுப் பெரியவர்கள்தான் அனுப்பிவைத்தார்கள்.

முதல் வீடு பெர்லினில், தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு தெருவில். கார்ல் கோல்விட்ஸ் அங்கே மருத்துவர்; தையல் தொழிலாளிகளின் நோய்க்காப்பு நிதிக்காக வைத்தியம் பார்த்தவர். அவர் மனைவி கேத்தே கோல்விட்ஸ் ஓவியர், சிற்பி. கணவரின் மருத்துவமனைக்கு வரும் ஏழைத் தாய்மாரின் முகங்களை வரைந்தே புகழ்பெற்றவர். ஹான்ஸ், பீட்டர் என்று இரண்டு பிள்ளைகள்.

1903-இல் கேத்தே ஒரு படம் செதுக்கினார். செத்த குழந்தையை ஒரு தாய் மடியில் வாரி அணைத்துக்கொண்டிருக்கும் படம். மாதிரிக்கு ஆள் வைக்கவில்லை. ஏழு வயதுப் பீட்டரையே மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து வரைந்தார். பிள்ளை கனத்தான், கை வலித்து முனகினார். படம் நன்றாக வரும், சும்மா இரு என்று மடியில் கிடந்த பிள்ளை அம்மாவைத் தேற்றியிருக்கிறான். அந்தப் படத்தின் அச்சுப்பிரதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு பிசையும். பதினோரு வருடம் கழித்து வரப்போவது அப்போது யாருக்குத் தெரியும்?

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பீட்டர் நண்பர்களோடு நார்வேயில் மலையேறிக்கொண்டிருந்தான். செய்தி கேட்டதும் எல்லோரும் அடித்துப்பிடித்து ஊர் திரும்பினார்கள், படையில் சேர. சட்டம் குறுக்கே நின்றது. 21 வயது ஆகாதவன் தானாகச் சேர வேண்டுமென்றால் தகப்பன் சம்மதிக்க வேண்டும். ஆகஸ்ட் 10-ஆம் தேதி மாலை பீட்டர் அப்பாவிடம் கேட்டான். கார்ல் முடியாது என்றார். நாட்டுக்கு உன் வயதுக்காரன் தேவைப்பட்டால் நாடே கூப்பிட்டிருக்கும், இன்னும் கூப்பிடவில்லையே என்றார். எவ்வளவு நிதானமான பதில் பாருங்கள். பீட்டர் வாதாடிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினான். அம்மா முகத்தைப் பார்த்தான். கேத்தே எழுந்தார். மகனும் கூடவே எழுந்தான். கதவருகே இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு கேத்தே, மகனுக்காகக் கணவரிடம் கெஞ்சினார். கார்ல் இறங்கிவந்தார்.

இதெல்லாம் கேத்தேயே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தது. யாரும் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்ததில்லை. அந்தக் கதவடியை அவர் தன் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை, நமக்கும் மறைக்கவில்லை.

அக்டோபர் நடுவில் பீட்டரின் படைப்பிரிவு பெல்ஜியத்துக்குக் கிளம்பியது. அந்த நாட்களை நாம் வேறொரு வழியில் நினைவு வைத்திருக்கிறோம். செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்க் கிடங்கு பற்றியெரிந்தது அல்லவா? அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 22-ஆம் தேதி இரவு, டிக்ஸ்மௌட என்ற ஊருக்குப் பக்கத்தில் பீட்டர் இறந்தான். வீட்டைவிட்டுப் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எதிரே ஈசர் ஆற்றங்கரையில் நின்று சுட்டவர்கள் பெல்ஜியத்துப் பிள்ளைகள். தங்கள் நாட்டில் கடைசியாக மிச்சமிருந்த துண்டு நிலத்தை அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் நியூபோர்ட் மதகுகளைத் திறந்து, கடல்நீரைச் சொந்த வயல்களில் பாயவிட்டுத்தான் ஜெர்மன் படையை நிறுத்த முடிந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த ஆகஸ்டில் ஜெர்மன் பள்ளிகளில் 'அவசரத் தேர்வு' என்று ஒன்று நடந்தது. இறுதி வகுப்புப் பையன்கள் படையில் சேர வேண்டும், ஆனால் பள்ளிச் சான்றிதழும் வேண்டும். அதற்காகவே முன்கூட்டி, சுருக்கமாக ஒரு தேர்வு வைத்துத் தேர்ச்சி போட்டு அனுப்பினார்கள். விடைத்தாளில் மதிப்பெண் போட்ட அந்த ஆசிரியர்களை நினைத்துப் பார்க்கிறேன். மாணவன்மேல் பாசம் இல்லாதவர்களா அவர்கள்? கிரேக்கமும் லத்தீனும் கற்பித்து, தாய்நாட்டுக்காக உயிர்விடுவது எவ்வளவு அழகு என்று செய்யுள் செய்யுளாக மனப்பாடம் செய்வித்தவர்கள். என்னைப் போலவே மெய்சிலிர்த்து நடத்தியிருப்பார்கள். ஆஸ்னாப்ரூக் நகரில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தபோது படைக்கு இழுக்கப்பட்டவர் எரிக் மரியா ரெமார்க். பின்னாளில் அவர் எழுதிய போர் நாவலில், வகுப்பையே கூட்டிக்கொண்டு போய்ப் படையில் சேர்த்துவிடும் ஓர் ஆசிரியர் வருகிறார். அந்தப் பாத்திரத்தைப் படித்தபோது, என் சாக்பீஸ் தூளைப் பார்த்தது போல இருந்தது.

நவம்பர் 11-ஆம் தேதி ஜெர்மன் படைத் தலைமை ஓர் அறிக்கை விட்டது. லாங்கமார்க் என்ற ஊருக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடிக்கொண்டே எதிரியின் அரண்மேல் பாய்ந்தன என்றது. அன்று அங்கே செத்தவர்களில் மாணவர்கள் சிறுபகுதிதான் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஆனால் பாட்டு தங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்குப் பிறகு இட்லரின் ஆட்சி அதே பாட்டைச் சொல்லி அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைத் திரட்டியது. பிள்ளைகளின் சாவு பாட்டாகிவிட்டால், அந்தப் பாட்டே அடுத்த பறை.

இரண்டாவது வீடு இங்கிலாந்தில், சசெக்ஸ் மாவட்டத்து பர்வாஷ் கிராமத்தில். கல்லால் கட்டிய பெரிய பழைய வீடு. ரட்யார்ட் கிப்ளிங்கை அறிமுகப்படுத்த வேண்டாம். பம்பாயில் பிறந்தவர். மௌக்லியின் கதையைச் சொன்னவர். 1907-இல் நோபல் பரிசு வாங்கியவர். பேரரசின் குரலாகவே தன்னை நினைத்துக்கொண்டவர். மூத்த மகள் ஜோசபின் ஆறு வயதில் நிமோனியாவில் போய்விட்டாள். மிச்சம் ஒரு மகள், ஒரு மகன். மகன் ஜான்.

ஜானுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருபவர் யாரென்று தெரியாது. கடற்படைக் கனவு அதனாலேயே கலைந்தது. 1914-இல் தரைப்படைக்குப் போனான். கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அந்த நாட்டின் சட்டமும் மருத்துவமும் சேர்ந்து அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. தகப்பன்தான் விடவில்லை. தன் நெடுநாள் நண்பர், முதுபெரும் தளபதி லார்டு ராபர்ட்சிடம் போய்ச் சொன்னார். ராபர்ட்ஸ் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் கௌரவத் தலைவர். ஒரு சிபாரிசு போதும். 1914 செப்டம்பரில், 17 வயதில், ஜான் அதிகாரி ஆனான்.

சிபாரிசு என்றதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வாங்க, வேலை வாங்க, ஊருக்குப் பக்கத்தில் மாற்றல் வாங்க யார் யாரையோ போய்ப் பார்க்கிறோம். கிப்ளிங்கும் அதே பாசத்தோடுதான் போனார். மகன் ஆசைப்பட்டான், நண்பர்களெல்லாம் போகிறார்கள், இவன் மட்டும் வீட்டில் இருந்தால் முகம் வாடுவான். அந்த அன்பைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை. அன்பே இப்படிச் செய்யும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

1915 ஆகஸ்டில், பதினெட்டு நிரம்பும் வேளையில், ஜான் பிரான்சுக்குப் போனான். அடிக்கடி கடிதம் எழுதினான். செப்டம்பர் 25-ஆம் தேதி லூஸ் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் பிரிட்டிஷ் படை பெருந்தாக்குதலைத் தொடங்கியது. பிரிட்டிஷார் முதன்முதலாக விஷவாயு பயன்படுத்திய சண்டை அது. 27-ஆம் தேதி சுண்ணாம்புக் குவாரி ஒன்றின் பக்கத்தில் ஜானின் பிரிவு இறங்கியது. அதன் பிறகு அவனைக் காணவில்லை. 'காயமுற்றார், காணவில்லை' என்ற அளவில் வீட்டுக்குத் தந்தி வந்தது.

பீட்டர் விழுந்த இடத்துக்கும் ஜான் விழுந்த இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்கூட இல்லை. இடையில் ஒரு வருடம்.

ஜானாவது சிபாரிசோடு போனான். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பொய் சொல்லிப் போனார்கள். பிரிட்டனில் 19 வயது ஆனால்தான் கடல் கடந்து போருக்குப் போகலாம் என்று விதி. பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. ஆள் சேர்க்கும் சார்ஜண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. பதினாறு வயசு என்று உண்மையைச் சொன்ன பையனிடம், வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்தொன்பது ஆனபின் வா என்பார்களாம்; பையன் கட்டடத்தைச் சுற்றிவிட்டு வந்து பத்தொன்பது என்பான். லீட்ஸ் நகரத்துப் பையன் ஒருவன் பதினான்கு வயதில் சேர்ந்தான். 1916-இல் அவன் அக்காள் எழுதினாள்: உன் வயதை அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு வந்துவிடு என்று. அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. ஜூலை முதல் தேதியே சோம் போர்க்களத்தில் அவன் இறந்துவிட்டிருந்தான். வயது பதினாறு.

அதே நாளில், அதே இடத்தில் ஆக்ரிங்டன் என்ற சிறு நெசவு நகரத்தின் இளைஞர்கள் சுமார் 700 பேர் ஒன்றாக எழுந்து முன்னேறினார்கள். அரை மணி நேரத்தில் 584 பேர் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். ஒரே தெரு, ஒரே ஆலை, ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒரே படைப்பிரிவில் சேர்த்தால் உற்சாகமாக வருவார்கள் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு அது. உற்சாகமாகத்தான் வந்தார்கள். பிறகு தெருவில் வீடு தவறாமல் ஜன்னல் திரை மூடியது.

எதிரெதிர் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் வெறுத்தார்களா? இந்தக் கேள்விக்குப் பதிலாக 1914 கிறிஸ்துமஸ் நாளை எல்லோரும் சொல்வார்கள். பந்து விளையாடினார்கள், சிகரெட் மாற்றிக்கொண்டார்கள் என்று. எனக்கு அதில் பந்தைவிட இரண்டு காட்சிகள் முக்கியம். ஒன்று, புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதியது. அவர் பிரிவில் இயந்திரத் துப்பாக்கிக்காரன் ஒருவன், படைக்கு வருமுன் பொழுதுபோக்காக முடி வெட்டிப் பழகியவன். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரு ஜெர்மன்காரனுக்கு அவன் முடி வெட்டிவிட்டானாம். பின்கழுத்தில் கத்திரி நடக்கிறது, அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். முந்தின நாள் வரை அந்தத் தலையைத்தானே இவன் குறிபார்த்துக்கொண்டிருந்தான். மற்றொன்று ஃப்ளூர்பே என்ற ஊரில் நடந்தது. இரண்டு படைகளுக்கும் நடுவில் பல நாளாகக் கிடந்த பிணங்களை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்தே அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆங்கிலத்தில் சங்கீதம் வாசித்தார். மதக்கல்வி படித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் மாணவன் தன் மொழியில் வாசித்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஒன்றாக நின்றார்கள்.

இதைக் கேட்டுப் பதறியவர்கள் தளபதிகள். எதிரியோடு பேசுவதைத் தடுக்கும் உத்தரவு டிசம்பர் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் படையில் இருந்தது. அடுத்த வருடம் கண்டிப்பு இன்னும் கூடியது. எதிரிக்கு முகம் இருக்கிறது என்று பையன்களுக்குத் தெரிந்துவிட்டால் போர் நடக்காது. அது மேலே இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நம் நாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த அக்டோபரிலேயே பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்காக்களும் ஃபிளாண்டர்ஸ் சேற்றில் இறங்கியிருந்தார்கள். ஜானுக்குச் சிபாரிசு செய்த லார்டு ராபர்ட்ஸ், அந்த இந்தியச் சிப்பாய்களைப் பார்க்கப் போன இடத்தில்தான் குளிர் கண்டு நவம்பரில் இறந்தார். லூசுக்குச் சற்று வடக்கே நெவ் ஷாபேல் என்ற ஊரில் இந்திய நினைவகம் இருக்கிறது. கல்லறைகூட இல்லாத 4,700-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. 1927-இல் அது திறக்கப்பட்டபோது கிப்ளிங்கும் வந்திருந்தார், தன் மகனுக்கும் கல்லறை இல்லாத தகப்பனாக.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 1918 கோடையில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க முயன்றார் காந்தி. சில மாதம் முன்புதான் அதே விவசாயிகளுக்காக வரிகொடா சத்தியாகிரகம் நடத்தியிருந்தார். அப்போது இலவசமாக வண்டி பூட்டி அனுப்பியவர்கள், இப்போது வாடகைக்குக்கூட வண்டி தரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பெரிதாக யாரும் சேரவில்லை. அலைந்து அலைந்து உடல் கெட்டுப் படுத்துவிட்டார். காந்தியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தரமாட்டோம் என்று அன்று தங்கள் முன் நின்ற மகானுக்கே மறுத்த அந்தப் படிக்காத கேடா விவசாயிகளை வணங்கவே சொல்கிறேன். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தத் திண்ணைகளுக்கு யாரும் துறைப் பெயர் வைக்கவில்லை.

இனி, அந்தப் பெண் கேட்ட சாயங்காலத்துக்கு வருகிறேன்.

கிப்ளிங் மகனைத் தேடினார். அவர் மனைவி கேரியும் தேடினார். காயம்பட்டுத் திரும்பிய ஐரிஷ் கார்ட்ஸ் வீரர்களை மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பார்த்தார்கள். எங்கே கடைசியாகப் பார்த்தாய், எப்படி நின்றான் என்று கேட்டார்கள். நடுநிலை நாடுகள் வழியாக ஜெர்மனியில் விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. 1917-இல் போர்க்கல்லறைகளுக்கான ஆணையத்தில் கிப்ளிங் உறுப்பினர் ஆனார். பிரபு மகனுக்கும் கூலிக்காரன் மகனுக்கும் ஒரே அளவுக் கல், யார் உடலையும் தனியாக ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதிக்காக வாதாடினார். பிள்ளை எங்கே கிடக்கிறான் என்பதாவது உங்களுக்குத் தெரிகிறதே என்று மற்ற பெற்றோரிடம் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. பெயர் தெரியாத உடல்களின் கல்லில் என்ன எழுதுவது என்று வந்தபோது, இறைவனுக்கு மட்டுமே அவனைத் தெரியும் என்ற பொருளில் ஒரு தொடரைத் தேர்ந்து கொடுத்தார். இன்றும் ஆயிரக்கணக்கான கற்களில் அது இருக்கிறது. மகன் சேர்ந்திருந்த படைப்பிரிவின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி 1923-இல் வெளியிட்டார். பக்கம் பக்கமாகப் பிறர் பிள்ளைகளின் கதை. தன் பிள்ளைக்கு அதில் சில சொற்கள் மட்டும். அவர் தன்னைக் குற்றவாளியாக நினைத்தாரா? தகப்பன்மாரைக் குற்றம் சாட்டும் இரண்டு வரிக் கவிதை ஒன்று அவர் எழுதியது உண்டு. அது தன்னைச் சொன்னதா, அரசியல்வாதிகளைச் சொன்னதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வெளிப்படையாக அவர் வாய் திறக்கவில்லை. 1936-இல் இறந்தார். 1992-இல்தான் ஒரு கல்லறை ஜானுடையது என்று ஆணையம் அறிவித்தது. அது அவன்தானா என்று அதற்குப் பிறகும் கேட்டவர்கள் உண்டு.

கேத்தே வாய் திறந்தார். அதனால்தான் எனக்கு அவர் முக்கியம். திறக்க நாலு வருடம் ஆனது, அதையும் சொல்ல வேண்டும். பீட்டரின் அறையை அப்படியே வைத்திருந்தார். போர் தப்பு என்று நினைத்தால் மகன் வீணாகச் செத்தான் என்றாகிவிடுமே என்று தவித்தார். அவன் நம்பிக்கைக்குத் துரோகம் செய்வதாகாதா என்று நாட்குறிப்பில் தன்னோடே மல்லுக்கட்டினார். பிள்ளையைப் பலிகொடுத்த எந்தத் தாயும் இந்த இடத்தில் சிக்கிக்கொள்வாள். செத்தவனுக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் இருப்பவனையும் அனுப்பு என்று ஊர் சொல்லும். 1918 அக்டோபரில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்தபோது அப்படித்தான் சொன்னார் ரிச்சர்ட் டேமல் என்ற புகழ்பெற்ற கவிஞர். ஐம்பது வயதில் தானாகப் படையில் சேர்ந்தவர். கடைசி முயற்சியாக இன்னும் தொண்டர்கள் வரட்டும் என்று பத்திரிகையில் அழைத்தார். கேத்தே அச்சில் பதில் கொடுத்தார். போதும், இனி ஒருவனும் சாகக் கூடாது என்றார். விதைநெல்லை மாவரைக்கக் கூடாது என்ற கருத்தைக் கதேயிடமிருந்து எடுத்துச் சொன்னார். பஞ்சத்தில் பட்டினி கிடந்தாலும் விதைக்கோட்டையில் கைவைக்காத சனங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பீட்டருக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய 1914 டிசம்பரிலேயே நினைத்தார். மகன் நீட்டிப் படுத்திருப்பான், தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய் என்பது முதல் யோசனை. செய்தார், பிடிக்கவில்லை, 1919-இல் விட்டுவிட்டார். பல வருடம் கழித்து மறுபடி எடுத்தார். முடிந்தபோது மகன் உருவம் இல்லை. இரண்டு பெற்றோர் மட்டும், தனித்தனிப் பீடத்தில், முழங்காலிட்டு. தாய் தலை கவிழ்ந்து கூனிப்போயிருக்கிறாள். தகப்பன் நிமிர்ந்து, தன் இரண்டு கைகளாலும் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். முகங்கள் கேத்தேயுடையது, கார்லுடையது. 1932-இல் பெல்ஜியத்துக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தினார்கள். பதினெட்டு வருட வேலை. பீட்டர் உயிரோடிருந்ததும் அத்தனை வருடம்தான். இப்போது அவை விளாட்ஸ்லோ என்ற இடத்தில் இருக்கின்றன. அங்கே 25,600-க்கும் அதிகமான ஜெர்மன் வீரர்கள் புதைந்திருக்கிறார்கள். தரையோடு தரையாகக் கற்கள், ஒவ்வொன்றிலும் இருபது பெயர். தகப்பன் சிலை குனியாமல் பார்க்கும் கல்லில் பீட்டரின் பெயர் இருக்கிறது.

கைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கார்லைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அன்று மாலை அந்த அறையில் சரியானதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஒரு முறை முடியாது என்றவர், இரண்டாம் முறையும் சொல்லியிருந்தால்? மகன் கோபித்திருப்பான், மனைவி முகம் திருப்பியிருப்பாள், தெருவில் கோழை என்றிருப்பார்கள். இங்கிலாந்தில் சீருடை இல்லாத இளைஞன் கையில் வெள்ளை இறகைத் திணித்து அவமானப்படுத்தும் பழக்கம் அந்த ஆகஸ்டில்தான் தொடங்கியது; பெர்லினில் அதற்கு ஈடாக ஏதாவது இருந்திருக்கும். அவ்வளவுதானே, ஓர் அவமானம். அதைத் தாங்குகிற தெம்பைப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க முடியாது. பதினெட்டு வயது அப்படிப்பட்டது. தாங்க வேண்டியவர்கள் நாம்.

கார்ல் 1940-இல் காலமானார். மூத்த மகன் ஹான்சின் பிள்ளைகளில் ஒருவனுக்குச் செத்த சித்தப்பாவின் பெயரையே வைத்திருந்தார்கள், பீட்டர் என்று. 1942 செப்டம்பரில், ரஷ்யப் போர்முனையில், அந்தப் பீட்டரும் இறந்தான்.

அதற்குச் சற்று முன்பு, எழுபத்து நாலு வயதில், கேத்தே ஒரு கற்பதிப்புப் படம் வரைந்து முடித்திருந்தார். தலைப்பு அந்த விதைநெல்தான். அதன் பெரிய பிரதி ஒன்று என் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது, பாருங்கள். ஒரு கிழவி. அகலமான உடம்பு, மரக்கிளை போன்ற இரண்டு கைகள். மேலங்கிக்குள் மூன்று பையன்களைப் போட்டு அமுக்கிப் பிடித்திருக்கிறாள். பையன்கள் பயந்து ஒடுங்கியிருக்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளே, அந்தக் கண்களை நன்றாகப் பாருங்கள். வெளியே ஏதோ நடக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார்கள். கைக்கு அடியில் புகுந்து எட்டிப் பார்க்கிறார்கள். அவள் விடவில்லை.